கருகமணிக்குப் பக்கத்தில் ஒரு நிழல்

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். உன் அத்தா சவுதியில் இருந்த காலம் முழுக்க நான் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. நீ டைபாய்டில் கிடந்தபோதும் அனைவரும் நலம், மழைக்கு அடுப்படிச் சுவர் சாய்ந்தபோதும் அனைவரும் நலம். அவரும் அங்கே முதுகுவலியோடு படுத்துக்கொண்டு ‘நான் இங்கு நலம்’ என்று பதில் போட்டார். இரண்டு பேரும் புளுகிப் புளுகியே குடும்பத்தை நடத்தினோம். இந்தத் தடவை நான் எழுதுவது நிஜம். நெஞ்சுக்குள் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு நான் நலமாக இருக்கிறேன்.

இதைத்தான் அத்தா போனில் சொல்லிவிட்டாரே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அவர் சொன்னார், நீயும் அல்ஹம்துலில்லாஹ் என்றாய், அடுத்த மூச்சிலேயே “நல்லா விசாரிச்சீங்களா? வெட்டி எடுத்துட்டா நிம்மதியில்ல?” என்று கேட்டாய். அதற்குள் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. போனில் நாம் பேசுவதெல்லாம் இப்படித்தான். நீ துபாயிலிருந்து கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரிகூட வந்து நின்று விடுகிறாள். அத்தனை பேர் முன்னால் கேட்க முடியாத ஒன்றை உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அது உன் நிச்சயத்தைப் பற்றியது. நீ நஸ்ரினைக் கட்டிக்கொள்ளச் சரி என்று சொன்னாயே, அதைப் பற்றியது. ஆனால் என் நெஞ்சுக்குள் இருப்பது என்ன, அது எப்படித் தெரிந்தது என்பதை முதலில் முழுசாகச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் அது புரியாது. அதனால் டூட்டி முடிந்து சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

நான் மொபெட்டிலிருந்து விழுந்த கதை உனக்குத் தெரியும். அத்தா சொன்ன கதையைத்தான் நீ கேட்டிருப்பாய், அதில் ரோட்டில் பள்ளம் இருந்திருக்கும். உண்மை என்னவென்றால் ரோட்டில் நாங்கள் போகவே இல்லை. திண்டிவனத்தில் ஒரு கல்யாண வலிமா விருந்துக்குப் போய்விட்டு, நான் பட்டுப் புடவையோடும் பிரியாணிப் பொட்டலத்தோடும் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். மரக்காணம் நெருங்கியதும் உன் அத்தாவுக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. “ஒரு நிமிஷம், அந்தப் பாத்தில உப்பு எப்படி எறங்கியிருக்குதுன்னு பாத்துட்டுப் போயிடலாம்” என்று வண்டியை உப்பளத்து வரப்பில் இறக்கினார். உப்பு வியாபாரம் செய்கிறவரைக் கட்டிக்கொண்டால் விருந்துக்குப் போனாலும் வழி உப்பளம் வழியாகத்தான். வரப்பு ஈரம், வண்டி சறுக்கியது. பிரியாணியைக் காப்பாற்றிவிட்டேன், விலா எலும்பைக் காப்பாற்ற முடியவில்லை. மூச்சு விட்டால் வலி. பாண்டிச்சேரியில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் பெண்பிள்ளை ஒருத்தி எனக்குத் தாலியான கருகமணியைக் கழற்றச் சொன்னாள். நான் தயங்கினேன். கதவுக்கு வெளியே இருந்து அத்தா சத்தம் போட்டார்: “நான் இங்கதான் உசுரோட நிக்கிறேன், கழட்டு!” அப்படியும் எனக்கு மனசு வரவில்லை. கழுத்திலிருந்து எடுக்காமல் சரட்டை மேலே தூக்கி வாயில் கவ்விக்கொண்டு நின்றேன். அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, தானாகச் சேர்ந்துவிடும் என்றார். நாங்கள் எழுந்துவிட்டோம். “உக்காருங்க” என்றார். வலது பக்கத்து நுரையீரலில் பேனா முனையை வைத்து, “இங்க ஒரு உருண்டை தெரியுது பாருங்க. இதுக்கும் நீங்க விழுந்ததுக்கும் சம்பந்தமில்ல. என்னன்னு நான் சொல்ல முடியாது. சிடி எடுத்து நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டிடுங்க” என்றார். கோலிக்குண்டு அளவுக்கு வெள்ளையாக ஒன்று. பஸ் ஏறித் திரும்பினோம். எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. இதை மழுப்பிச் சொல்வதில் என்ன லாபம். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன், பாதி அரிசி தண்ணீரோடு போனது. சாவைப் பற்றிக்கூட அவ்வளவாக நினைக்கவில்லை. நீ அடுத்த லீவில் வரும்போது கதவைத் திறக்க நான் இருக்க மாட்டேனோ என்று நினைத்தேன், அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் பெரிய மாமா வந்தார். என் அண்ணனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசம் வண்டி வண்டியாக உண்டு, நிதானம்தான் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடனே நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இப்ப ஸ்கேனு கீனு எதுவும் எடுக்காதீங்க. மொதல்ல தம்பி கல்யாணத்தப் பேசி முடிக்கணும்” என்றார்.

அத்தாவுக்கு விளங்கவில்லை. “ஏம்பா, டாக்டரு ஒடனே எடுக்கச் சொன்னாரு.”

“எடுத்தா ரிப்போர்ட்டு வரும். ரிப்போர்ட்டு கைல இருந்தா, பொண்ணு வூட்ல சொல்லாம மறைச்சுட்டோம்னு ஆயிடும். எடுக்கலன்னா நமக்கே தெரியாதே! தெரியாதத எப்படிப்பா மறைக்க முடியும்?”

இந்த நியாயத்தை எந்த வக்கீலும் சொல்லியிருக்க மாட்டான். இதோடு, ஊசியோ கத்தியோ பட்டால் கட்டி உடம்பெல்லாம் பரவிவிடும் என்று வேறு யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நோய் என்னவென்று பார்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதானே உலக வழக்கம். நம் வீட்டில் கல்யாணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, நோய் என்னவென்று பிறகு பார்க்கலாம் என்று தீர்மானித்தோம். அத்தா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும், சொல்லவில்லை. ரிப்போர்ட் வராதவரைக்கும் எனக்கு நோய் இல்லை என்று இருக்கலாம், உன் கல்யாணத்தையும் பார்த்துவிடலாம். இரண்டும் சேர்ந்து வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அடுத்த சில வாரங்கள் நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய். சாகப்போகிறவள் என்பது ஒரு பதவி, தம்பி. அந்தப் பதவியில் இருப்பவள் பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள். எத்தனையோ வருஷமாக நான் கேட்டும் சரி செய்யாத குளியலறைத் தாழ்ப்பாளை உன் அத்தா சொல்லாமலே மாட்டினார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டார், அந்த டீயைக் குடித்துச் சாவது மேல் என்று இருந்தது. ஒரு கோழிக்காகச் சண்டை போட்டு என்னோடு பேச்சை விட்டிருந்த பின்வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, “என்ன மாஃப் பண்ணிடு” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் மன்னித்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததிலிருந்து மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள், ஏமாற்றிவிட்டேனாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது. பயந்துகொண்டே அதை அனுபவித்தேன். அந்தப் பதவியில் உட்கார்ந்துகொண்டுதான் உன்னை வரச் சொன்னேன்.

நீ எமர்ஜென்சி லீவு வாங்கி வந்தாய். பெட்டி நிறைய பாதாம், தைலம், எனக்கென்று நம் ஊர் வெயிலில் யாரும் போர்த்த முடியாத ஒரு கம்பளி. முகம் கருத்துப்போயிருந்தது. என் கண்ணைப் பார்க்காமல் கம்பளியையே மடித்து மடித்து வைத்தாய். அதற்குள் மாமா கிளியனூரில் பெண் பார்த்து வைத்திருந்தார். நல்ல குடும்பம், பெண்ணின் அத்தாவுக்குப் பெயிண்ட் கடை. நீ பெண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்றாய், நாங்கள்தான் இழுத்துப் போனோம். அவள் டீ கொண்டு வந்து வைத்தாள், நீ டீயைப் பார்த்தாய். திரும்பி வரும்போது வேனில் நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? “புடிச்சிருக்காப்பா?” என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “உனக்குப் புடிச்சா எனக்குப் புடிச்ச மாதிரிதாம்மா” என்றாய். முன் சீட்டிலிருந்து மாமா, “அவ்ளோதான்! பெத்தவ கேக்கும்போது இல்லன்னா சொல்லுவான்?” என்று முடித்துவிட்டார். பெத்தவ என்ற இடத்தில் அவர் என்ன சொல்ல வந்து விழுங்கினார் என்று வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நிச்சயம் நடந்தது. அடுத்த லீவில் நிக்காஹ் என்று பேசி, நீ விமானம் ஏறினாய். ஏர்போர்ட்டில் நீ என்னைக் கட்டிக்கொண்டது விடைபெறுகிறவன் கட்டிக்கொண்டது போல இல்லை. வழியனுப்ப வந்தவன் போலக் கட்டிக்கொண்டாய்.

அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்துக்கொண்டு நெஞ்சு டாக்டரைப் பார்த்தோம். லேடி டாக்டர், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். படங்களை மாட்டி வெகுநேரம் பார்த்தார். அத்தாவின் உதடு துவாவில் அசைந்துகொண்டே இருந்தது. டாக்டர் திரும்பி, “பீடி, சிகரெட் புகைல இருக்கீங்களா? இருமல்ல ரத்தம் வந்துச்சா? எடை குறைஞ்சுதா?” என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. எடை ஏறியிருந்தது, எல்லாரும் கொண்டுவந்த ஹார்லிக்ஸ். “உருண்டையோட ஓரம் வழவழன்னு இருக்கு. உள்ள கொழுப்பு தெரியுது, சுண்ணாம்பு சோளப்பொரி மாதிரி பூத்திருக்கு. இது எனக்குப் புடிச்ச லட்சணம். பெரும்பாலும் கெட்டதா இருக்காது” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா பெரும்பாலும்னு சொல்லி உங்கள அனுப்ப எனக்கு மனசில்ல. வளருதா இல்லையான்னு தெரிஞ்சா உறுதியா சொல்லலாம். பழைய எக்ஸ்ரே எதாவது வீட்ல இருக்கா?” என்றார்.

இருந்தது. எந்த எக்ஸ்ரே என்று உனக்கு ஞாபகம் வருகிறதா? நீ ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் எனக்கு விடாத இருமல் வந்து, டிபியாக இருக்குமோ என்று திண்டிவனத்தில் படம் எடுக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த ஆள், “செயினக் கழட்டுங்கம்மா, நெழல் விழும்” என்றார். “இது செயின் இல்ல, கருகமணி” என்றேன். “எதுவா இருந்தாலும் கழட்டுங்க.” “எங்க வூட்டுக்காரரு சவுதில உசுரோட இருக்காரு, நான் எதுக்குக் கழட்டணும்?” என்று நான் கேட்க, “நல்லா இருக்கட்டும்மா, நான் அவர என்ன சொன்னேன்!” என்று அந்த ஆள் பயந்துபோய் அப்படியே எடுத்துவிட்டார். படத்தில் கருகமணி மணி மணியாக விழுந்திருந்தது. நான் கொஞ்சம் சாய்ந்து நின்றதில் சரடு வலது பக்கம் ஒதுங்கி, அதிலுள்ள தங்கக் காசு வட்டமாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு வட்டம். அந்த டாக்டர் ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “இதெல்லாம் செயின்ல கோத்திருக்குற காசு. வேற ஒண்ணுமில்ல” என்று இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். சரட்டில் இருப்பது ஒரே ஒரு காசுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் படத்தில் இரண்டு தெரிந்ததை யார் எண்ணிப் பார்த்தார்கள்? இருமல் நின்றது, நானும் மறந்தேன்.

அந்தப் பிலிமைத்தான் ஒரு நாள் நீ எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினாய். பள்ளிக்கூடத்தில் சூரிய கிரகணம் பார்க்க எல்லாப் பையன்களும் எக்ஸ்ரே துண்டு கொண்டுவருகிறார்கள் என்று கீழ் மூலையில் சதுரமாக ஒரு துண்டு எடுத்துக்கொண்டாய். முதுகில் ஒன்று வைத்து, மிச்சத்தைப் பிடுங்கி பீரோவுக்கு மேலே போட்டேன். அத்தா சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து, பீரோவுக்கு மேலே இருந்த சூட்கேஸ், பாய், உடைந்த மின்விசிறி எல்லாவற்றையும் இறக்கி, அதைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார். டாக்டர் வாங்கிப் பார்த்ததும் முதலில் கேட்டது, “இத யாரு வெட்டுனது?” “எங்க பையன், கிரகணம் பாக்க” என்றார் அத்தா. “நல்ல வேள, வயித்துப் பக்கமா வெட்டிருக்கான். நாலு விரல் மேல போயிருந்தா இன்னிக்கு நாம கஷ்டப்பட்டிருப்போம்” என்று அந்த டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி அளந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். “இது காசு. பாருங்க, வெட்டி வச்ச மாதிரி ஓரம் கூர்மையா இருக்கு. இது காசு இல்ல. அப்பவே இருந்திருக்கு. அன்னிக்கு எவ்ளோவோ, இன்னிக்கும் கிட்டத்தட்ட அவ்ளோதான். கெட்டதுக்கு இவ்ளோ பொறும கெடையாதும்மா.”

அந்தக் கட்டிக்கு ஹமர்டோமா என்று பேராம். எனக்கு வாயில் நுழையவில்லை, அத்தா எக்மோர் ஸ்டேஷன் வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். அபூர்வமாகத்தான் பார்க்கிறோம் என்றார் டாக்டர். உடம்பிலேயே இருக்கிற கொழுப்பும் குருத்தெலும்பும் இடம் தவறிச் சேர்ந்து ஒரு உருண்டையாகிவிடுகிறதாம். வளர்ந்தாலும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வளருமாம், வேறு இடத்துக்குப் பரவாதாம். நீ போனில் கேட்டதை நானும் கேட்டேன், வெட்டி எடுத்துவிட்டால் நிம்மதி இல்லையா என்று. “எடுக்கலாம். ஆனா அதுக்கு நெஞ்சத் தொறக்கணும். உங்களுக்கு அது ஒரு தொந்தரவும் பண்ணல, நாம ஏன் அதப் போய்த் தொந்தரவு பண்ணணும்? வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. வளர்ந்தாலோ, இருமல்ல ரத்தம் வந்தாலோ அப்ப பாத்துக்கலாம்” என்றார். இனி நீ போனில் இதைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. நன்றாகத்தான் விசாரித்திருக்கிறோம்.

வெளியே வந்து நானும் அத்தாவும் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து அழுதோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள், அவளிடம் நல்ல செய்திதான் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டீ வாங்கிக் குடித்தோம். பாதி டீயில் அத்தா சொன்னார், “இத மொதல்லயே எடுத்திருந்தா, தம்பிய அவசரமா வரவழைச்சிருக்க மாட்டோம்ல?” அந்தச் சந்தோஷத்திலும் எனக்குச் சுருக்கென்றது. வேனில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த உன் முகம்தான் கண்ணில் நின்றது. இல்லாத ஒரு சாவைக் காட்டி உன்னிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். தெரிந்து செய்யவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருந்தது நான்தான்.

மாமாவிடம் சொன்னேன். “அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, இப்ப எதுக்கு அதப் போயிக் கிளறுற? எடம் நல்ல எடம்” என்றார். இடம் நல்ல இடம்தான், அதை நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் ஒரு நாள் அத்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, திண்டிவனம் போய்ப் பாண்டி பஸ் பிடித்துக் கிளியனூரில் இறங்கினேன். நம் பக்கத்துக் குறையை மறைத்துவிட்டோம், கட்டி இருப்பதை நானே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டு போனேன். நஸ்ரினின் அம்மாவிடம் ஆரம்பித்ததுமே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்கு அப்பவே தெரியுமேங்க. மரக்காணத்துல தும்முனா கிளியனூர்ல கேக்கும். சாகுற நேரத்துல ஒரு தாயி கேக்குறா, எப்படி இல்லன்னு சொல்றதுன்னுதான் இவ அத்தாவும் ஒடனே சரின்னாரு” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவர்கள் தெரியாத மாதிரி நடித்திருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு மையத்துக்கு, ஒரு பிணத்துக்கு முன்னால் நிச்சயம் நடத்தியிருக்கிறோம், அந்த மையத்து எழுந்து பஸ் ஏறி அவர்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நஸ்ரின் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா உள்ளே போனதும் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். “உங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல, மாமி?” என்றாள். “ஆகாதும்மா” என்றேன். நிஜமாகவே அவள் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நான் டீச்சர் ட்ரெயினிங் படிச்சுக்கிட்டிருந்தேன். கல்யாணம்னு பாதில நிறுத்திட்டாங்க. உங்களுக்காகத்தான் நானும் சரின்னேன். இப்ப அவசரம் இல்லன்னா, நான் போயி அத முடிச்சிடுறேன்.” முடித்துவிடு என்றேன், அவள் அத்தாவிடம் நான் பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போகப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். “அவரு அன்னிக்கு டீயையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பாவமா இருந்துச்சு. எனக்குச் சொன்ன மாதிரிதான அவருக்கும் சொல்லிருப்பாங்க? அவர நல்லா யோசிக்கச் சொல்லுங்க மாமி. அவருக்கு வேணும்னா அவரே எங்கிட்ட கேக்கட்டும். நானும் அப்பதான் பதில் சொல்லுவேன்.” இதைச் சொல்லும்போது அவள் தலையைக் குனியவில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் அது என் பிடித்தம், அதை உன் தலையில் கட்டப் போவதில்லை.

நான் பத்தாவதோடு நின்றவள், உனக்குப் பெரிய புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும். தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பயம் வரும்போது நம் ஆட்கள் உடனே எதையாவது செய்துமுடிக்கப் பார்ப்பார்கள், என்னவென்று மட்டும் பார்க்க மாட்டார்கள். நீ முதலில் பார். அத்தாவைக் கேட்டால் பதம் வருவதற்கு முன்னால் வாரிய உப்பு எதற்கும் உதவாது என்பார், அவருக்கு எல்லாமே உப்புதான். உனக்கு உடம்புக்கு ஒன்று என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ, எங்களிடமும் சொல். நானும் இனி ‘அனைவரும் நலம்’ என்று பொய் எழுத மாட்டேன். எனக்கு என்ன, எவ்வளவு என்று வருஷா வருஷம் எக்ஸ்ரே பார்த்துச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று. அழுகிறவர்கள் கேட்டால் எதையும் கொடுத்துவிடுகிற குணம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நல்ல குணம்தான், விட்டுவிடாதே. ஆனால் உன்னையே கொடுக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று யோசி.

உன் மனசில் வேறு யாராவது இருந்தாளா, கல்யாணமே இப்போது வேண்டாம் என்று இருந்தாயா, இல்லை அந்த டீக்கு மேலே ஒரு தடவையாவது கண்ணைத் தூக்கிப் பார்த்தாயா, எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவே இல்லையே, எப்படித் தெரியும்? வேனில் நான் கேட்டது கேள்வியே இல்லை. அந்தச் சம்மதத்தை நான் உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள். அத்தாவுக்கும் இதில் முழுச் சம்மதம், மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நஸ்ரினும் காத்திருக்கவில்லை, பஸ் பாஸ் எடுத்துக்கொண்டு படிக்கப் போய்விட்டாள். யாரும் யாருக்காகவும் அவசரப்பட வேண்டியதில்லை. உனக்கு அவளிடம் பேச வேண்டும் என்று தோன்றினால், அவர்கள் கடைக்குப் போன் போட்டு அவள் அத்தாவிடம் நேராகக் கேட்டுவிட்டுப் பேசு, அவர் நல்ல மனுஷர்.

இப்போது நன்றாக இருக்கிற உன் அம்மா, சாப்பிட்டு, தூங்கி, பின்வீட்டு அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு, இன்னும் ரொம்ப வருஷம் இருக்கப் போகிற உன் அம்மா, இன்ஷா அல்லாஹ், முதல் தடவையாகக் கேட்கிறேன். உனக்கு அவளைப் பிடித்திருக்கிறதா? எனக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்காதே. பிடித்திருந்தால் அவளிடம் சொல். இல்லை என்றால் என்னிடம் இல்லை என்று சொல். நான் செத்துவிட மாட்டேன்.

அன்புடன்,
உன் அம்மா